பயிரோடு இடம்மாறும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

ஐக்கிய அமெரிக்காவின் தென் எல்லையில், மெக்சிக்கோவிலிருந்து அதனைப் பிரிக்கும் றியோ கிராண்டே ஆற்றோரமாக, ரெக்சாஸ் மாநிலத்தின் சிற்றூர்கள் பல உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் ஏறி, 2,000 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே போகும். மிச்சிக்கன் மாநிலத்தில் முதலில் அஸ்பராகஸ் என்னும் தண்டு மரக்கறி வெட்டு, பின்னர் ஸ்ரோபெரி, செரி, புளூபெரி, ஊறுகாய் வெள்ளரி, கடைசியாக அப்பிள். அப்பிள் ஆய்ந்து முடிய ஒக்டோபர், நவம்பர் ஆகிவிடும். அதன் பின்னர்தான் ஊர் திரும்புதல். புளோரிடாவிலிருந்து கிழக்குக் கரையோரமாகவும், கலிபோர்ணியாவிலிருந்து ஒறிகன், வாஷிங்டன் மாநிலங்களை நோக்கியும் இதே போன்ற பயணங்கள் நடைபெறுகின்றன.

இக்குடும்பங்களில் பெரும்பாலானவை மெக்சிக்கோ வம்சாவளியினர். பிள்ளைகளில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். அங்கே பாடசாலை ஆண்டு ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் தொடங்கி மே கடைசியில் அல்லது யூன் மாதத்தில் முடிவடைகின்றது. ஆகவே வடக்கே போகும் பிள்ளை ஓர் ஆண்டின் கடைசிப் பாடங்களையும் அடுத்த ஆண்டின் முதற் பாடங்களையும் சொந்தப் பாடசாலையில் படிப்பதில்லை. போன இடத்துப் பாடசாலையில் சில கிழமைகள் அமரும். அங்கே வேறு புத்தகம், வேறு ஆசிரியர், வேறு பாடத்திட்டம். எமது நாட்டைப் போல முழு நாட்டிற்கும் ஒரே பாடத்திட்டம் அங்கில்லை. ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியான கல்விச் சபை, தனியான வரிப்பணம்.

அமெரிக்கப் பாடசாலைகளின் நீண்ட கோடை விடுமுறை விவசாய வேலைக்காகவே ஏற்பட்டது என்று பலரும் எழுதுவதுண்டு. மண்ணில் வேலை செய்த எவருக்கும் இதில் சந்தேகம் வரவேண்டும். அந்நாட்டில் விதைப்பு வசந்த காலத்தில். அறுவடை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். 19ஆம் நூற்றாண்டில் கிராமப் பாடசாலைகள் மாரியிலும் கோடையிலும் நடந்தன. பிள்ளைகள் வயலுக்குப் போனது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமே. ஆண்டு முழுவதும் திறந்திருந்தவை நகரத்துப் பாடசாலைகள். வெப்பம் தாங்காமலும், வசதியுள்ளோர் கோடையில் நகரை விட்டுப் போனமையாலும் அவைதான் கோடையில் மூடத் தொடங்கின. ஆக, இன்றைய விடுமுறை நகரத்தாரின் வழக்கத்தில் பிறந்தது. ஆனால் அதன் முழுப் பாரத்தையும் சுமப்பவை வயலில் நிற்கும் இந்தக் குடும்பங்கள்.

1960ஆம் ஆண்டு நவம்பரில் ஊடகவியலாளர் எட்வேட் மறோ இத்தொழிலாளரின் வாழ்வை ஒரு தொலைக்காட்சி விவரணத்தில் காட்டினார். அறுவடை நன்றி விழாவுக்கு அடுத்த நாள் அது ஒளிபரப்பானது. முதல் நாள் மேசையில் வைத்து உண்ட உணவை யார் பறித்தார்கள் என்பதை அந்நாட்டு மக்கள் மறுநாள் கண்டார்கள். 1965இல் வந்த கல்விச் சட்டத்திற்கு 1966இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டு, இடம்மாறும் விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசின் தனி நிதி ஏற்பட்டது. மீன்பிடித் தொழிலாளரின் பிள்ளைகளும் பின்னர் சேர்க்கப்பட்டனர். அண்மைக் காலத்தில் இந்நிதி ஆண்டுக்கு ஏறத்தாழ 37 கோடி 50 இலட்சம் டொலர்.

இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளை பாடசாலைக்கு வரும் என்று இது காத்திருப்பதில்லை. பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே சம்பளத்திற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து குடும்பங்கள் திரும்பும் நேரம் பார்த்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போவார்கள். உடுப்புத் தோய்க்கும் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் விசாரிப்பார்கள். எங்கிருந்து வந்தீர்கள், எப்போது வந்தீர்கள், என்ன வேலை தேடி வந்தீர்கள் என்று கேட்டு ஒரு பத்திரம் நிரப்புவார்கள். விசா இருக்கிறதா என்று கேட்பதில்லை. 3 வயது முதல் 21 வயது வரையுள்ளவர்கள் இதிற் சேரலாம். வேலைக்காக ஒரு பாடசாலை மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு இடம்மாறிய நாளிலிருந்து 36 மாதங்களுக்கு உரிமை உண்டு.

அந்த 36 மாதக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரும் முன்னர், அலைவதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிவிட்ட குடும்பத்தின் பிள்ளைக்கும் இடம்மாறிய நாளிலிருந்து ஆறு வருடம் வரை உதவி கிடைத்தது. இப்போது மூன்று வருடத்தோடு பெயர் வெட்டப்படுகிறது. ஒரு குடும்பம் எத்தனை வருடத்தில் 'இடம்பெயர்ந்த' குடும்பமாக இல்லாமற் போகும் என்பதை மேசையில் இருந்துகொண்டு தீர்மானிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நிவாரண அட்டை வெட்டப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நகரத்துப் பிள்ளைக்குக் கோடை வகுப்பு ஒரு மேலதிக உதவி. இடம்மாறும் பிள்ளைக்கோ அதுவே பல வேளைகளில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் படிப்பு. ஆகையால் மாநிலங்களுக்கு நிதி பங்கிடும்போது கோடை வகுப்பில் சேவை பெற்ற பிள்ளைகளைச் சட்டம் தனியாகவும் எண்ணுகிறது. பல மாவட்டங்களில் ஐந்து அல்லது ஆறு கிழமை வகுப்புகள் நடக்கின்றன. பஸ் வண்டி குடியிருப்பின் வாசலுக்கே வரும். காலை உணவும் மதிய உணவும் பாடசாலையில்.

வராத பிள்ளைகளும் உண்டு. காரணம் சோம்பல் அல்ல. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி, பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பாடசாலை நேரம் தவிர்ந்த வேளைகளில் பண்ணையில் கூலி வேலை செய்யலாம். கோடை முழுவதும் பாடசாலை நேரம் தவிர்ந்த வேளைதானே! வாளிக் கணக்கில் கூலி என்றால் இன்னும் இரண்டு கைகள் வீட்டுக்கு வருமானம். அதனால் மூத்த பிள்ளைகளுக்குப் பல இடங்களில் மாலை வகுப்பு வைக்கிறார்கள். சில இடங்களில் ஆசிரியரே குடியிருப்புக்குப் போய்ப் படிப்பிக்கிறார். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்பது இன்னொரு தடை. குழந்தைகளைப் பராமரிக்கும் முன்பள்ளி ஒன்று பக்கத்தில் இயங்கினால்தான் பெரியவளின் கதிரை நிரம்பும்.

கோடை வகுப்பால் உண்மையில் பயன் உண்டா? 2013இல் பொஸ்ரன், டலஸ், பிற்ஸ்பேர்க், றொச்செஸ்ரர் நகரங்களிலும் புளோரிடாவின் டுவால் மாவட்டத்திலும் நாலாம் தரத்திற்குப் போகவிருந்த 5,600க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். கணிதத்தில் பயன் தெரிந்தது. 20 நாளோ அதற்கு மேலோ ஒழுங்காக வந்தவர்களிடமே அது தெளிவாக நின்றது. பெயர் பதிந்துவிட்டு வராமல் இருந்தவர்களும் கணிசமானவர்கள். பஸ், சாப்பாடு, குழந்தைப் பராமரிப்பு என்பவை கல்வியோடு சம்பந்தமில்லாத செலவுகள் என்று முகம் சுளிப்போர் இந்த 20 நாளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனிக் கணனியின் கதைக்கு வருவோம். இது சமீப காலத்து விடயம் என்று நினைப்போம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்காக 1969இலேயே ஒரு கணனித் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. ஆர்க்கன்சோ மாநிலத்தின் லிற்றில் றொக் நகரில் ஒரு மத்திய கணனி. பல மாநிலங்களிலிருந்தும் தொலைபேசிக் கம்பி வழியாகப் பிள்ளையின் விபரம் அதற்குள் போகும்: எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு, எந்தத் தடுப்பூசி. பிள்ளை போய்ச் சேரும் ஊரிலுள்ள பாடசாலை கேட்டால் அந்தப் பதிவு அங்கே போகவேண்டும். தடுப்பூசி அட்டை இல்லாததால் போன இடமெல்லாம் அதே ஊசியை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் இருந்த காலம் அது.

எண்ணம் அருமையானது. நடைமுறை தளர்ந்துபோயிற்று. பதிவு வந்து சேரும்போது பிள்ளை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். வந்த பதிவிலும் பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். பல ஆசிரியர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 1995இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு சில மாநிலங்கள் கூட்டாகவும் சில தனித்தும் பதிவுகளை வைத்துக்கொண்டன; நாடு முழுவதற்கும் பொதுவான வழி இருக்கவில்லை. இணையத்தின் வழியே மாநிலப் பதிவுகளை ஒன்றாகக் காட்டும் புதிய முறை 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. அதில் இப்போது ரெக்சாஸ் ஆசிரியர் ஒருவர், பிள்ளை மிச்சிக்கனில் எந்தப் பாடத்தை எவ்வளவு தூரம் முடித்தது என்று பார்க்கலாம். ஆனால் மிச்சிக்கனில் ஒருவர் அதை எழுதியிருக்க வேண்டும்.

இந்த எழுத்தில்தான் ஒரு பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறது. அந்நாட்டு உயர் பாடசாலையில் ஒவ்வொரு பாடத்திற்கும் அலகுகள் உண்டு. குறித்த தொகை அலகுகள் சேர்ந்தால்தான் சான்றிதழ். ஒரு தவணைப் பாடத்தில் கடைசி ஐந்து கிழமையைத் தவறவிட்டால் முழு அலகும் போய்விடும். அரைவாசி படித்ததற்கு அரைவாசி மதிப்பில்லை. அடுத்த ஆண்டும் அதே பாடம், மறுபடி அதே இடைவெளி. 17 வயதில் 14 வயதுப் பிள்ளைகளுடன் வகுப்பில் அமர யாருக்கு மனம் வரும்? பிள்ளை படிப்பை விடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இதற்கு ஒரு பரிகாரம் 1978இல் கலிபோர்ணியாவில் பிறந்தது. ஒரு பாடத்தைச் சிறு கொப்பிகளாகப் பிரித்து, பிள்ளை அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லும் முறை. இரவில் குடியிருப்பில் இருந்து செய்யலாம். எந்த ஊரில் முடித்தாலும் ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில் சோதனை எழுதி அலகு பெறலாம். பல மாநிலங்களுக்கு அது பரவியது. மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். 1990களில் ரெக்சாஸ் மாநிலம் செய்மதித் தொலைக்காட்சி மூலம் வடக்கே போன தன் பிள்ளைகளுக்குக் கோடையில் கணிதம் படிப்பித்தது. ஒரு மாநிலத்தின் பிள்ளை வேறு மாநிலத்தில் இருந்துகொண்டே சொந்த மாநிலத்துப் பரீட்சையை எழுதவும் ஒழுங்குகள் உண்டு.

2020இல் கொவிட் தொற்று வந்தபோது அமெரிக்க மாவட்டங்கள் மடிக்கணனிகளையும், இணையம் தரும் சிறு கருவிகளையும் அள்ளிக் கொடுத்தன. பண்ணைக் குடியிருப்புகள் பலவற்றில் அலை பிடிக்கவில்லை. பிடித்த இடத்திலும் ஒரு சிக்கல்: கருவி மாவட்டத்தின் சொத்து. குடும்பம் மாவட்ட எல்லையைத் தாண்டும்போது அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எல்லை தாண்டுவதே வாழ்க்கையான பிள்ளைக்கு, எல்லையோடு நின்றுவிடும் கருவி எதற்கு? திரையில் விடையை ஊகித்து அழுத்தி அழுத்தி அலகு பெறும் பாடங்களும் பெருகியுள்ளன. சான்றிதழ் கிடைக்கும், கணக்கு வராது. இவ்விடயத்தில் 1978ஆம் ஆண்டுக் கொப்பி இன்றைய பல கருவிகளை விட நேர்மையானது என்பது என் எண்ணம்.

தொமாஸ் ரிவேரா என்ற எழுத்தாளர் 1935இல் ரெக்சாஸின் கிறிஸ்ரல் சிற்றியில் இத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுவனாக அயோவா மாநிலத்திற்குப் பெற்றோருடன் வேலைக்குப் போன கோடையில், ஹாம்ப்ரன் ஊர் நூலகர் அவரை உள்ளே அழைத்துப் புத்தகம் கொடுத்தார். 1979இல் ரிவேரா கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்திற்குத் தலைவரானார். அந்தச் சிறுவனுக்கு அன்று திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. கதவைத் திறந்த ஒருவர் இருந்தார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை என்பதற்காகத்தானே திட்டங்கள்.

அங்கே கல்விப் பணியாளர்கள் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: புறப்படும் முன் பாடசாலைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, முடித்த பாடங்களின் விபரம் இவற்றின் பிரதியை வாங்கி ஓர் உறையில் வைத்திருங்கள். கணனி இருந்தும் சொல்கிறார்கள். ஓடும்போது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று நீங்கள் அறிவீர்கள். விடுகைப் பத்திரம் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கப் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்! அமெரிக்கப் பெற்றோருக்குப் புறப்படும் நாள் முன்கூட்டியே தெரியும். உங்களுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழோடு பிள்ளையின் கடைசித் தேர்ச்சி அறிக்கையையும் ஒரே பொலித்தீன் உறையில் இட்டு வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

2025ஆம் ஆண்டு யூன் 30ஆம் திகதி, மறுநாள் மாநிலங்களுக்கு விடுவிக்கவேண்டிய கல்வி நிதிகள் சிலவற்றை மீளாய்வு செய்வதாகக் கூறி அமெரிக்க அரசு நிறுத்தி வைத்தது. அவற்றுள் இந்தப் பிள்ளைகளின் நிதியும் ஒன்று. எதிர்ப்புகளும் வழக்குகளும் எழுந்த பின், யூலை 25ஆம் திகதி அதை விடுவிப்பதாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் கோடை வகுப்புகளின் பெரும்பகுதி கழிந்துவிட்டிருந்தது. 2026 நிதியாண்டுக்கான வரவு செலவு யோசனையில் இத்திட்டத்தை முற்றாக நீக்குமாறு அதே அரசு முன்மொழிந்தது. அந்த யூலை மாதத்திலும் மிச்சிக்கனில் செரிப் பழம் பழுத்தது. பறிக்கவேண்டியவர்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.