காருக்குக் குளிர்காற்றுக் குழாய்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு பூவாரில் அரபிக்கடலைச் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு கிடக்கும் இவ்வூரின் சாலைகளில் உப்புக்காற்றும் பொடிமணலும் ஆண்டு முழுவதும் உண்டு; ஜூன் பிறந்தால் தேங்கிய நீரும் சேர்ந்துகொள்ளும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பதிவெண் கொண்ட வண்டிகளும் குமரி மாவட்ட வண்டிகளும் களியக்காவிளை வழியே நாள்தோறும் எல்லையைக் கடக்கின்றன. அவற்றுள் வங்கிக் கடனில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு.

அத்தகைய காரை வாங்கியவர் மனத்தில் அடுத்து எழும் ஆசைகளுள் ஒன்று, 'கோல்டு ஏர் இன்டேக்' எனப்படும் குளிர்காற்றுக் குழாயைப் பொருத்துவது. அதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி, வெளிநாட்டுத் தயாரிப்பாயின் லட்சத்தை நெருங்கும். அச்செலவு எதைத் தரும், எதைப் பறிக்கும் என்பதை இங்கே நாம் ஆராய்வோம்.

குளிர்ந்த காற்றின் கணக்கு

காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அடர்ந்த காற்றில் பிராணவாயு மிகுதி. ஆகவே எரிபொருளைக் கூடுதலாக எரித்து எஞ்சின் அதிக ஆற்றல் தரும். வெளிக்காற்று 35 டிகிரி செல்சியஸ், எஞ்சின் அறையின் காற்று 60 டிகிரி என்று கொண்டால், பின்னதன் அடர்த்தி ஏறத்தாழ ஏழரை விழுக்காடு குறைவு. குளிர்காற்றுக் குழாயின் தத்துவம் இவ்வளவே.

ஆனால் இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையே முன்கிரில்லின் அருகிலிருந்தோ சக்கரக் காப்பின் உட்புறத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கும்படி அமைத்துவிடுகிறது. எனவே மேற்கண்ட ஏழரை விழுக்காடு முழுவதும் நமக்குப் புதிதாகக் கிடைத்துவிடாது. டர்போ எஞ்சின்களில், அழுத்தப்பட்ட காற்றை இன்டர்கூலர் தனியே குளிர்விப்பதால் வேறுபாடு இன்னும் சுருங்கும். குழாயை மாற்றியதும் கேட்கும் உறுமல் ஒலி உண்மை. அதை ஆற்றலின் அளவாகக் கொள்ளலாகாது.

நால்வகைத் தெரிவு

முதலாவது, பழைய பெட்டிக்குள்ளேயே வேறு ஏர் ஃபில்டரை வைப்பது. செலவும் அபாயமும் குறைந்த வழி இதுவே. இரண்டாவது, எஞ்சின் அறைக்குள் திறந்த நிலையில் நிற்கும் கூம்பு ஃபில்டர். பெயர் எதுவாயினும் அது உறிஞ்சுவது வெப்பக்காற்றையே. மூன்றாவது, நீண்ட குழாயால் பம்பரின் அடிப்பகுதிக்கு ஃபில்டரை இறக்குவது. நான்காவது, உயரத்திலேயே நின்று, வெப்பத் தடுப்புடன் மூடிய பெட்டிக்குள் வெளிக்காற்றை எடுப்பது.

பூவார், பொழியூர் போன்ற கடலோர ஊர்களுக்கு மூன்றாவது வகை ஒவ்வாது. நீர் அமுங்காத பொருள். தேங்கிய நீரை எஞ்சின் உறிஞ்சினால் பிஸ்டன் மேலேற இடமின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவ்வாறு நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்வது சேதத்தைப் பெருக்கும்.

ஃபில்டரின் பொருளையும் கவனிக்க வேண்டும். காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர் நுண்மணலையும் விட்டுவிடக்கூடும். ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் சோதித்த வடிகட்டும் திறன் எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்பது நம் உரிமை. எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால், காற்றின் அளவைக் கணிக்கும் சென்சாரில் படிந்து பிழையான கணக்கைத் தரும். அச்சென்சார் அமரும் குழாயின் விட்டம் மாறினாலும் இதே கதிதான். ஆகவே நம் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதென்று தயாரிப்பாளர் குறிப்பிடாத குழாயை வாங்கலாகாது.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, மாநில விதி மத்தியச் சட்டத்துக்கு அடங்கியதே என்று தீர்ப்பளித்தது. ஆகவே களியக்காவிளையைக் கடந்தாலும் நிலைமை மாறாது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகை, ஒலி வரம்பு மீறலுக்கு 190ஆம் பிரிவு தனியே உள்ளது.

ஃபில்டரை மட்டும் மாற்றுவது பராமரிப்பின் பாற்படும். குழாய் முழுவதையும் மாற்றுவது, வண்டியின் ஒலியையும் புகையையும் தொடக்கூடும். ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நலம்.

கடனும் காப்பீடும்

கடன் தீரும்வரை கார் வங்கியிடம் அடமானமாக உள்ளது. பதிவுச் சான்றிலும் அக்குறிப்பு இருக்கிறது. வங்கியின் இசைவின்றி வண்டியை மாற்றக்கூடாது என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும். கையொப்பமிட்ட பக்கங்களை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுக் கிளைக்கு ஒரு கடிதம் தருவது எளிது.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவித்து, பாலிசியில் அதைப் பதியச் செய்ய வேண்டும். மறைத்த மாற்றம், இழப்பீடு கோரும் நாளில் மறுப்புக்குக் காரணமாகலாம். எஞ்சினுக்குள் நீர் புகுந்த சேதத்தைச் சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு தேவை. எஞ்சின் பழுதாகிக் கார் மெக்கானிக்கிடம் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. வண்டியை இழந்தபின் கடனை மட்டும் சுமக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது என்பதே நம் கவலை.

செலவின் வரிசை

ஆகவே முதலில் நல்ல டயர், சீரான பிரேக், உரிய காலத்தில் ஏர் ஃபில்டர் மாற்றம், எஞ்சின் பாதுகாப்புக் காப்பு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குவோம். அதன்பின்னும் ஆசை எஞ்சினால், உயரத்தில் அமைந்த மூடிய பெட்டி வகையை, உரிய இசைவுகளுடன், கைமுதலிலிருந்து வாங்குவோம். அதற்காகத் தனிநபர் கடன் எடுப்பது வேண்டாம். கழற்றிய பழைய பெட்டியையும் குழாயையும் பத்திரமாக வைத்திருப்போம். காரை விற்கும் நாளில், தொழிற்சாலை தந்த வடிவில் உள்ள வண்டியையே வாங்குவோர் பலரும் நாடுவர்.