ஆறு வற்றிய ஊரில் சர்க்கரை நோய்

சர்க்கரை நோயை உறுதிப்படுத்த 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 200-ஐத் தொட்டிருந்தால் நோய் உறுதி. மதுரையிலும் இதே கணக்குதான், மணிலாவிலும் இதே கணக்குதான். அந்த 200 என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை வகுக்க உதவிய தரவுகளில் மிக முக்கியமான பகுதி ஒரு சிறிய சமூகத்தின் ரத்தத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்குத் தெற்கே, ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். வெளியார் அவர்களைப் பிமா என்றார்கள். அவர்கள் தங்களை அக்கிமெல் ஓதாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

1965-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே நீரிழிவு ஆய்வைத் தொடங்கினார்கள். 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. உலகில் அதுவரை எந்தச் சமூகத்திலும் இவ்வளவு பதிவானதில்லை. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த மக்கள் சலிக்காமல் வந்து ரத்தமும் சிறுநீரும் கொடுத்தார்கள். கர்ப்பிணித் தாயின் சர்க்கரை பிள்ளையின் எதிர்காலத்தை எப்படிப் பாதிக்கிறது, சிறுநீரகம் எந்தக் கட்டத்தில் கெடத் தொடங்குகிறது, சிறுவர்களுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு வருமா என்பதையெல்லாம் உலக மருத்துவம் தெரிந்துகொண்டதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மக்களிடம் ஒரு கடன் இருக்கிறது.

ஏன் இவர்களுக்கு மட்டும் இப்படி என்ற கேள்விக்கு நீண்ட காலம் ஒரே பதில்தான் சொல்லப்பட்டது: மரபணு. 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பஞ்சம் அடிக்கடி வந்த காலத்தில் கிடைத்த உணவைச் சேமித்துவைக்க உதவிய மரபணு, உணவு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் நோயைத் தருகிறது என்றார். பிமா மக்களே அதற்கு எடுத்துக்காட்டு ஆனார்கள். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது மிகவும் வசதியான பதில். நோய் ரத்தத்திலேயே இருக்கிறது என்றால் வேறு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

பழைய பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. 1908-இல் அலெஷ் ஹெர்ட்லிச்கா என்ற மானுடவியலாளர் இந்த மக்களின் உடல்நலத்தைப் பற்றி எழுதியபோது ஒரே ஒரு நீரிழிவு நோயாளியைத்தான் குறிப்பிட்டார். புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1940-இல் வெளியிட்ட அரிசோனா ஆய்வில் 21 பேர். அது மற்றவர்களிடம் இருந்த அளவைவிட அதிகமில்லை என்பதே அவர் முடிவு. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரியவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. அங்கே மாறியது தண்ணீர்.

அந்தப் பாலைநிலத்தில் அவர்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். மக்காச்சோளம், பூசணி, வெயிலுக்கு அஞ்சாத டெப்பரி என்ற பயறு, ஆற்று மீன், கள்ளி மொட்டு, நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தின் நெற்று மாவு ஆகியவையே அவர்கள் உணவு. நார்ச்சத்து மிகுந்தவை, ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுபவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் கோதுமை விற்கும் அளவுக்கு அவர்களிடம் விளைச்சல் மிஞ்சியது. பிறகு ஆற்றின் மேல்பகுதியில் வந்து குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் பகுதியில் ஆறு வறண்டது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உழவர்களாக இருந்தவர்கள் மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகு விற்றுப் பிழைத்தார்கள். 1930-இல் திறக்கப்பட்ட கூலிட்ஜ் அணை அவர்களுக்குத் தண்ணீர் தரும் என்று சொல்லப்பட்டது. சொன்ன அளவுக்கு வரவே இல்லை.

தண்ணீருக்குப் பதிலாக அரசு உணவுப் பொட்டலங்கள் வந்தன: மைதா, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டப்பா இறைச்சி, பாலாடைக்கட்டி. மைதாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்தெடுக்கும் ரொட்டி இன்று அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாரம்பரிய உணவு என்று திருவிழாக்களில் விற்கப்படுகிறது. அது பிறந்த இடம் ரேஷன் மூட்டைதான். வயல் வேலை போனதால் உடலுழைப்பும் போனது.

எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மைகோபா என்ற ஊர் இருக்கிறது. அங்கும் பிமா மக்கள் வாழ்கிறார்கள். மரபு வழியில் அரிசோனாவினருக்கு மிக நெருங்கியவர்கள். அவர்களுடைய நிலம் அவர்களிடமே இருந்தது, கையால் உழுது பயிரிட்டார்கள். இரண்டு சமூகங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. மைகோபாவில் நீரிழிவு 6.9 சதவீதம், அரிசோனாவில் 38 சதவீதம். மரபணு மட்டுமே காரணம் என்ற வாதம் இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நிற்க முடியாது.

காரணம் தெரிந்துவிட்டது, ஆராய்ச்சியும் குவிந்தது. ஆனாலும் நோயாளியின் நிலை நெடுங்காலம் மாறவில்லை. பூர்வகுடிகளில் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்கு அடிப்படைக் காரணம் சர்க்கரை. 30 வயதுகளிலேயே டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் தர வேண்டியது, பழைய உடன்படிக்கைகளின்படி, ஐக்கிய அமெரிக்க அரசின் கடமை. அதற்கென்று இந்தியன் ஹெல்த் சர்வீஸ் என்ற துறையும் உண்டு. ஆனால் அந்தத் துறையில் ஒரு நோயாளிக்குச் செலவிடப்படும் தொகை, கூட்டரசுச் சிறையில் ஒரு கைதியின் மருத்துவத்துக்குச் செலவிடப்படுவதில் ஏறக்குறையப் பாதிதான் என்று அமெரிக்க சிவில் உரிமை ஆணையமே 2000-களின் தொடக்கத்தில் பதிவுசெய்தது.

திருப்பம் படிப்படியாக வந்தது. 1968-இலேயே பூர்வகுடி ஊர்களைச் சேர்ந்தவர்களைச் சமூக சுகாதாரப் பணியாளர்களாக நியமிக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. 1975-இல் வந்த தன்னாட்சிச் சட்டம் பழங்குடி அரசுகள் தங்கள் மருத்துவமனைகளைத் தாங்களே நடத்த வழிசெய்தது. ஹீலா ஆற்றுச் சமூகம் 1995-இல் சாக்கடோன் ஊர் மருத்துவமனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பூர்வகுடிகளுக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 3 கோடி டாலரில் தொடங்கிய ஒதுக்கீடு 2004-இல் 15 கோடி ஆனது. பணம் 300-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திட்டங்களுக்குப் பிரிந்து போகிறது. எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கலாம். ஓரிடத்தில் நடைப்பயிற்சிப் பாதை, இன்னோரிடத்தில் காய்கறித் தோட்டம், வேறோரிடத்தில் பாதங்களைப் பார்க்கும் செவிலியர். ஆனால் விளைவுகளை அளந்து காட்டியாக வேண்டும்.

1996-க்கும் 2013-க்கும் இடையே, நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்த பூர்வகுடிப் பெரியவர்களின் எண்ணிக்கை லட்சத்துக்கு 57.3-இலிருந்து 26.5 ஆனது. 54 சதவீத வீழ்ச்சி. அமெரிக்காவின் வேறெந்த இனத்தவரிடமும் இவ்வளவு வேகமாகக் குறையவில்லை. நாட்டிலேயே மோசமான நிலையில் இருந்தவர்கள், நாட்டிலேயே குறைவான பணத்தில் நடக்கும் மருத்துவத் துறையில் இதைச் சாதித்தார்கள்.

இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எல்லாம் மலிவான, பழைய, சலிப்பூட்டும் வேலை. சர்க்கரை நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கிளினிக் வைத்திருந்தது. யாருக்குச் சிறுநீரில் புரதம் பார்க்கவில்லை, யாருடைய கால் பரிசோதிக்கப்படவில்லை என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்தார்கள். எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணிப்பவை. அவற்றை எடுத்துக்கொண்ட நோயாளிகள் ஐந்தே ஆண்டுகளில் 42 சதவீதத்திலிருந்து 74 சதவீதமானார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வேலையைத் தொலைவிலிருக்கும் நிபுணருக்குத் தள்ளிவிடாமல் ஊர்க் கிளினிக்கின் அன்றாட வேலையாக ஆக்கினார்கள். கண்ணுக்கும் அதே வழிதான். விழித்திரையை ஊர்க் கிளினிக்கிலேயே படமெடுத்து பீனிக்ஸில் உள்ள மையத்துக்கு அனுப்பினார்கள். படத்தை அங்கே பார்த்து, சிகிச்சை தேவைப்படுபவரை மட்டும் அழைத்தார்கள். நெடுந்தூரப் பயணம் மிச்சமானது.  நீரிழிவு உள்ள பெரியவர்களின் விகிதமும் 2013-இல் 15.4 சதவீதமாக இருந்து 2017-இல் 14.6 ஆனது. சிறிய சரிவுதான். ஆனாலும் பல தலைமுறைகளாக ஏறிக்கொண்டே இருந்த கோடு அது.

இந்த வேலைக்கு மாத்திரையைவிட அடிப்படையான தேவை நம்பிக்கை. அதே அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள், 1990-இல் தொடங்கி, நீரிழிவு ஆய்வுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து அவர்கள் ஒப்புக்கொள்ளாத வேறு ஆய்வுகளும் நடந்தது பின்னால் தெரியவந்தது: மனச்சிதைவு, உறவுக்குள் திருமணம், அவர்களின் பூர்வீகம். வழக்கு நடந்தது. 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு ரத்த மாதிரிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இப்படி ஒரு முறை ஏமாந்த ஊரில் அடுத்து வரும் மருத்துவருக்குக் கதவு திறக்காது. அந்த ஊரிலேயே பிறந்த சுகாதாரப் பணியாளருக்குத் திறக்கும்.

கறுப்பின மக்களிடமும் இதையே பார்க்கலாம். அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்த வரலாறு அவர்கள் நினைவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் இதை உணர்ந்து, அவர்களை மருத்துவமனைக்கு அழைப்பதை விட்டுவிட்டு முடிதிருத்தகங்களுக்குப் போனார். கறுப்பினத்தவர் நடத்தும் 52 கடைகளில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 319 ஆண்களைச் சேர்த்தார். பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் டாக்டரைப் பார்க்கும்படி அறிவுரை சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, நோயாளியின் மருத்துவரோடு பேசிவைத்த ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறே மாதத்தில் மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அழுத்தத்தின் சராசரி 153-இலிருந்து 126-க்கு இறங்கியது. அறிவுரை மட்டும் கிடைத்தவர்களுக்கு 155-இலிருந்து 145-க்குத்தான். 2018-இல் இந்த முடிவு வெளியான சில மாதங்களில் விக்டர் காலமானார். சிறுபான்மைச் சமூகங்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று மேடைதோறும் பேசுபவர்கள் இந்த ஆய்வை ஒரு முறையாவது படிக்க வேண்டும். விழிப்புணர்வு இரண்டு பக்கமும் இருந்தது. மருந்து கைக்கு வந்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

நோய் வந்தபின் பார்ப்பதோடு நிற்காமல், வருவதற்கு முன் தடுக்கவும் இந்தச் சமூகங்களே முன்னே நிற்கின்றன. நவஹோ நாடு என்ற பழங்குடி அரசு 2014-இல் தன் எல்லைக்குள் காய்கறி, பழங்களுக்கு இருந்த 5 சதவீத விற்பனை வரியை நீக்கியது. நொறுக்குத்தீனிக்கும் இனிப்பு பானங்களுக்கும் கூடுதலாக 2 சதவீத வரி போட்டது. வரும் பணம் ஊர்களின் நலத்திட்டங்களுக்கே திரும்பிப் போகிறது. ஹீலா ஆற்று மக்களுக்கு இன்னும் பெரிய வெற்றி கிடைத்தது. பல பத்தாண்டுச் சட்டப் போராட்டத்தின் முடிவில், 2004-ஆம் ஆண்டு அரிசோனா நீர் உடன்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீரை அவர்களுக்கு உறுதிசெய்தது. வாய்க்கால்கள் மீண்டும் கட்டப்படுகின்றன, டெப்பரிப் பயறு மீண்டும் விளைகிறது. நூறாண்டு இழந்த உணவுப் பழக்கம் பத்து இருபது ஆண்டுகளில் திரும்பாது என்பது அங்குள்ளவர்களுக்கே தெரியும். ஆனால் மருத்துவத் துறையின் எந்த ஒதுக்கீட்டையும்விட இந்தச் சட்டம்தான் நோயின் வேருக்கு அருகில் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு நடந்தும் சிறப்பு நீரிழிவுத் திட்டம் இன்றுவரை நிரந்தரமானதில்லை. அது காலாவதியாகும்போதெல்லாம் நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். ஒதுக்கீடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 15 கோடியிலேயே நின்றது, 2024-இல்தான் 15.9 கோடி ஆனது. சில சமயம் நீட்டிப்பு சில மாதங்களுக்கு மட்டுமே வரும். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாத செவிலியர் வேறு வேலை தேடிப் போகிறார். நோயாளிகளின் பெயரும் வீடும் கதையும் அறிந்த ஆள் போய்விடுகிறார். மறுபுறம், டயாலிசிஸுக்கு இந்தக் கவலை இல்லை. 1972-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பணம் கொடுத்தாக வேண்டும். 2013 கணக்கில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 82,000 டாலர். சிறுநீரகம் கெட்ட பிறகு செலவிட நிரந்தரச் சட்டம் இருக்கிறது. கெடாமல் காப்பாற்றும் பணத்துக்கு மட்டும், அது பலன் தருவது நிரூபணமான பிறகும், பழங்குடித் தலைவர்கள் ஒவ்வொரு முறையும் வாஷிங்டனுக்குப் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.