சட்டைப் பைக்கேற்ற கைவிளக்கு

பந்தம், அகல், அரிக்கேன் விளக்கு என மாந்தர் இருளில் கையிலேந்திய ஒளிக்கருவிகளின் வரிசையில் பிந்தி வந்தது மின்கைவிளக்கு. 'டார்ச்' என நாம் வழங்கும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளும் தீப்பந்தம் என்பதே. அமெரிக்க நாட்டில் 1899ஆம் ஆண்டு டேவிட் மிசல் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றார். அக்கால மின்கலங்கள் வலுக்குறைந்தவையாதலின் தொடர்ந்து எரிக்க இயலாது விட்டுவிட்டு மினுக்கிப் பயன்படுத்தினர். அந்நாட்டார் இதனைப் 'பிளாஷ் லைட்' என்றதன் காரணம் இதுவே. நம்மூரார் இரண்டு கட்டை, மூன்று கட்டை என மின்கலங்களின் எண்ணிக்கையாலேயே பெயரிட்டனர். வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோர் கக்கத்தில் இடுக்கிச் சென்ற அவ்விளக்கு இன்று விரலளவிற்குச் சுருங்கிவிட்டது.

கைப்பேசியிலேயே விளக்கு இருக்கத் தனியே ஒன்று எதற்கு என வினவுவார் உளர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்தபின், டெல்டாச் சிற்றூர்கள் பல நாள்கள் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய வேளையில் கைப்பேசியின் மின்னூட்டம் உறவினரை அழைப்பதற்கே போதாது. அதனை வெளிச்சத்திற்குச் செலவிடுதல் தகுமா? இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டிற்குச் சராசரியாக 58,000 பேர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கட்டுவிரியன் இரவில் இரைதேடும் இயல்பினது. கொல்லைப்புறம் வரை பத்தடி நடப்பதற்கும் காலடியைக் காட்டும் ஒளி வேண்டும். அவ்வொளி அந்நேரத்தில் கையில் இருத்தலும் வேண்டும். ஆதலின் கைவிளக்கிற்கு முதல் இலக்கணம், உடையோடு ஒன்றிக் கிடக்கும் சிறுமையே ஆகும். அலமாரியில் உறங்கும் பெருவிளக்கு எத்துணை ஒளியுடையதாயினும் பயனில்லை.

சிறுமையை உறுதி செய்வது மின்கலத்தின் அளவு. தொலைக்காட்சி ரிமோட்டில் இடும் 'ஏ.ஏ.ஏ.' மின்கலம் 10.5 மி.மீ. குறுக்களவும் 44.5 மி.மீ. நீளமும் உடையது. சுவர்க்கடிகாரத்திற்குரிய 'ஏ.ஏ.' மின்கலம் 14.5 மி.மீ. குறுக்களவும் 50.5 மி.மீ. நீளமும் கொண்டது, முன்னதைப்போல் இருமடங்கிற்கும் மேலான ஆற்றல் உடையது. பேனாவோடு சட்டைப்பையில் செருகுவோர்க்கு ஏ.ஏ.ஏ. ஒன்று போதும். மூன்று ஏ.ஏ.ஏ. மின்கலங்களை நெகிழிக் கூட்டில் அடுக்கிய மலிவு விளக்குகள் கடைகளில் மிகுதி. அவை பருத்திருப்பதோடு, ஒழுங்குசெய்யும் மின்சுற்று இல்லாதவையாயின் மின்கலம் தளரத் தளர ஒளியும் மங்கும். அவற்றை நாம் பரிந்துரையோம்.

அட்டைமேல் அச்சிட்ட ஒளியளவை நம்பலாமா என்பதே அடுத்த வினா. இதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். மறுமின்னேற்றம் செய்யத்தக்க நல்ல ஏ.ஏ.ஏ. மின்கலம் 1.2 வோல்ட், 800 மில்லி ஆம்பியர்-மணி உடையது. இவற்றைப் பெருக்க, ஏறத்தாழ ஒரு வாட்-மணி ஆகிறது. நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டிற்கு ஏறத்தாழ 100 லூமன் ஒளி தரும் எனக் கொள்வோம். ஆகவே இவ்விளக்கு 100 லூமன் ஒளியை ஒரு மணிநேரமும், 10 லூமன் ஒளியைப் பத்து மணிநேரமும் தரவல்லது. இதே மின்கலத்தில் 1000 லூமன் எனப் பறைசாற்றும் விளக்கு, அது உண்மையே ஆயினும், ஆறு நிமிடங்களில் அணைந்தாக வேண்டும். அத்துணை மின்னோட்டத்தை இச்சிறு மின்கலம் தாங்காது என்பது வேறு. எண் பெரிதாகப் பெரிதாக ஐயமும் பெருகுதல் நன்று.

அமெரிக்காவில் 2009இல் வெளியான எஃப்.எல்.1 என்னும் தரஅளவையைச் செம்மையான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதிலும் இரண்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்து விழுக்காடாகக் குறையும் வரையுள்ள காலம். முழு ஒளியுடன் எரியும் காலமன்று. எட்டும் தொலைவு என்பது ஒளி 0.25 லக்ஸ் ஆகும் இடம். அஃது ஏறக்குறைய முழுநிலவின் ஒளியே. எனவே, 60 மீட்டர் எனக் குறித்திருப்பின் 30 மீட்டர் வரை தெளிவாகக் காணலாம் எனக் கொள்வது பொருந்தும். உண்மையில் நமக்கு மிகுதியும் பயன்படுவது குறைந்த ஒளிநிலையே. பூட்டின் துளையைத் தேடவும், உறங்குவோரை எழுப்பாமல் நடக்கவும் ஐந்து லூமன் போதும். மேலொளி 100, கீழொளி 5 என இருநிலைகள் உடைய விளக்கே எம் கருத்தில் சிறந்தது. மின்னி மின்னி எரியும் நிலைகள் பல இருத்தல் இடையூறே.

மின்கலத்தைப் பற்றி இன்னும் சில. மலிவான துத்தநாக-கரி மின்கலத்தில் துத்தநாக உறையே கரைந்து மின்சாரம் தருவதால், நாட்பட்டால் அது கசியும். ஆல்கலைன் மின்கலமும் கசியக்கூடியதே. அதனின்று வெளிப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உலோகத்தை அரித்து மின்கலத்தை உள்ளேயே ஒட்டிவிடும். கைவிளக்குகள் பல பழுதாவது இதனாலேயாம். நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலம் ஏற்றது; நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம். லித்தியம்-அயனி மின்கலங்களுள் ஏ.ஏ., ஏ.ஏ.ஏ. அளவிலேயே அமைந்தவை உள. அவற்றின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், தயாரிப்பாளர் ஒப்புதல் தராத விளக்கில் இட்டால் மின்சுற்று கருகும்.

கம்பிவழி மின்னேற்றும் வகை விடுதி மாணவர்க்கு வசதியானது. ஆயின் உள்ளிருக்கும் மின்கலத்தை மாற்ற இயலாதெனின், அது முதிர்ந்தபோது விளக்கே குப்பையாகும். ஊரில் இருக்கும் பெற்றோர்க்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் மின்கலம் இடும் வகையே தக்கது. மின்தடையின்போது தொலைக்காட்சிக்கும் ஓய்வுதானே. அதன் ரிமோட்டிலிருந்தே கழற்றிக் கொள்ளலாம்!

சில நூறு ரூபாய்க்குள் இவையனைத்தும் அமைந்த விளக்குகள் கிடைக்கின்றன. வாங்கும்போது கடையின் இருண்ட மூலையில் வெள்ளைச் சுவரில் ஒளியைப் பாய்ச்சி, நடுவில் கரும்புள்ளியோ வளையமோ தெரிகிறதா எனக் காண்க. ஒளிமுன் கையை வேகமாக அசைக்கும்போது விரல்கள் துண்டுதுண்டாகத் தெரிந்தால் அவ்விளக்கு துடித்து எரிகிறது என்பது பொருள். அது கண்ணை அயர்த்தும். நீலஞ்சார்ந்த வெண்மையினும் சற்றே மஞ்சள் தோய்ந்த, நிறங்களைச் செம்மையாகக் காட்டும் ஒளி மேலானது. சருகின்மேல் கிடக்கும் கண்ணாடிவிரியனைச் சருகினின்று பிரித்துக் காட்டுவது அதுவே. மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 குறியீடு போதும். நீரில் தவறி விழினும் தாங்கவேண்டுமாயின் ஐ.பி.எக்ஸ்.7 தேவை. பைக்குள் தானே எரிந்துவிடாதபடி பொத்தான் சற்று அழுத்தமாகவோ உள்ளடங்கியோ இருத்தல் வேண்டும். இறுதியாக, ஒரே கையால் இருட்டில் தடவி ஏற்ற முடிகிறதா என அங்கேயே கண்மூடிப் பார்த்துவிடுக.