விளக்குத் தாமிரம் முதல் பர்மா உளுந்து வரை... விவசாயிகள் கவனிக்க வேண்டிய இறக்குமதிக் கணக்கு!

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியக்குடி, சங்கீதத்துக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் பேர்போன ஊர். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. 2018-ம் ஆண்டு மே மாதம் தூத்துக்குடியில் தாமிர உருக்காலை மூடப்பட்டது. அதுவரை சுத்திகரித்த தாமிரத்தை விற்கும் நாடாக இருந்த இந்தியா, அதன்பிறகு வாங்கும் நாடாக மாறிவிட்டது. விளக்குப் பட்டறையில் உருக்கும் உலோகத்தின் விலை, டாலர் மதிப்பு ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. இதே கணக்கு, பட்டறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலைக் கொல்லைக்கும் உளுந்து வயலுக்கும் பொருந்தும்.

இறக்குமதி, செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த பொருட்களால் எழுந்தவை இங்குள்ள பெரிய வீடுகள். அதே பகுதியில், ஆத்தங்குடியில் உள்ளூர் மணலையும் சிமென்ட்டையும் கொண்டு கையால் வார்க்கும் தரைக்கல், இன்றைக்கும் வெளியூர்களுக்குப் போகிறது. ‘எது வெளியில் இருந்து வருகிறது’ என்று தெரிந்தால்தான், ‘எதை நாம் செய்து விற்கலாம்’ என்பதும் தெரியும்.

பட்டியலில் என்ன இருக்கிறது?

2024-25 நிதியாண்டில் இந்தியா இறக்குமதி செய்த சரக்குகளின் மதிப்பு, சுமார் 72,000 கோடி டாலர். இதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கச்சா எண்ணெய் மற்றும் பெட்ரோலியப் பொருட்களுக்குப் போகிறது. மின்னணுப் பொருட்கள், தங்கம், இயந்திரங்கள், நிலக்கரி, ரசாயனங்கள் ஆகியவை மற்ற பெரிய செலவுகள். சமையல் எண்ணெயும் பருப்பும் சேர்ந்தால் நூறு ரூபாயில் மூன்று ரூபாய் அளவுதான். ஆனால், சிறு விவசாயியின் வரவை அசைப்பது இந்த மூன்று ரூபாய்தான்.

விவசாயி இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நாம் விற்கும் பொருளோடு போட்டி போடுபவை: சமையல் எண்ணெய், பருப்பு வகைகள். இரண்டாவது, நாம் வாங்கும் இடுபொருளாக வருபவை: டீசல், உரம். முதல் வகை மலிவாக வந்தால் நம் வரவு குறையும். இரண்டாவது வகை விலை ஏறினால் நம் செலவு கூடும்.

எண்ணெய் வரியும் கடலை விலையும்

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளியில் இருந்து வருகிறது. இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து பாமாயில். ரஷ்யா, உக்ரைனில் இருந்து சூரியகாந்தி. அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து சோயா.

வெளிநாட்டு விலை, கப்பல் கூலி, டாலர் மதிப்பு, சுங்க வரி ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் துறைமுக விலை. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான மொத்த வரி 5.5 சதவிகிதத்தில் இருந்து 27.5 சதவிகிதமாக உயர்ந்தது. 2025 மே 30 அன்று 16.5 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முன் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே அறிவிப்பில் 11 ரூபாய் குறைகிறது. கடலெண்ணெய் வாங்கும் குடும்பம் பாமாயிலுக்கு மாறினால், அந்த இறக்கம் கடலை மூட்டையில் வந்து நிற்கும். நிலக்கடலையை இந்தோனேசியா, வியட்நாம் போன்ற நாடுகள் நம்மிடம் வாங்குவதால், அடி நேரடியாக விழாமல் சற்றுத் தாங்குகிறது.

பர்மா உளுந்து

உளுந்தில் போட்டி நேரடியானது. இறக்குமதி உளுந்தில் பெரும்பகுதி மியான்மரில் இருந்து வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் அதற்குக் கிடைக்கும் விலையை நாடு முழுக்க வியாபாரிகள் பார்க்கிறார்கள். அங்கே தை, மாசியில் அறுவடை. நம்முடைய நெல் தரிசு உளுந்து பங்குனியில் களத்துக்கு வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சந்தையில் மோதுகின்றன. 2021 மே மாதத்தில் திறந்துவிடப்பட்ட உளுந்து இறக்குமதி, அதன்பிறகு மார்ச் 31-ஐ எல்லையாக வைத்துத் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டது. எனவே, உளுந்து போட்டவர்கள் மார்ச் மாத அறிவிப்பைத் தவறவிடக் கூடாது.

உரம்

பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. டி.ஏ.பி-யும் அதன் மூலப்பொருட்களும் பெருமளவு வெளியில் இருந்துதான் வருகின்றன. யூரியா இங்கேயே தயாரானாலும், அதற்கான இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. மானியம் இருப்பதால் மூட்டை விலை உடனே ஏறாது. ஆனால், கப்பல் தாமதமானால் பயிருக்குத் தேவையான நேரத்தில் கடையில் உரம் இருக்காது.

என்ன செய்யலாம்?

• விதைக்கும் முன் ஆதரவு விலையைப் பார்க்கவும். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு உளுந்து 7,800 ரூபாய், நிலக்கடலை 7,263 ரூபாய். சந்தை இதற்குக் கீழே போனால், அரசுக் கொள்முதல் நடக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

• உளுந்தை 12 சதவிகித ஈரப்பதத்துக்குக் கீழே காயவைத்தால் கொள்முதலில் கழிக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் இருப்பு வைத்தும் விற்கலாம்.

• கடலையை மூட்டையாகவே விற்காமல், ஒரு பகுதியைச் செக்கில் ஆட்டலாம். 100 கிலோ பருப்பில் சுமார் 40 கிலோ எண்ணெய் கிடைக்கும், புண்ணாக்கு மாட்டுக்கு. எண்ணெயாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம்.

• மண் பரிசோதனை செய்து, உளுந்துக்கும் கடலைக்கும் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா கொடுத்தால், இறக்குமதி உரத்தை நம்பியிருப்பது குறையும்.

வரி ஏறுவதும் இறங்குவதும் விவசாயியின் கையில் இல்லை. விதைப்பையும் விற்பனையையும் அதைப் பார்த்துத் திட்டமிடுவது அவர் கையில் இருக்கிறது.