உங்களுக்குத் தெரியுமா? அடுப்புக் கண்ணாடியில் படிவது கல்!

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியிருக்கும் இல்லங்களில், உலைநீர் பொங்கி வழிந்து வற்றிய இடத்தில், எத்தனை முறை சோப்பிட்டுத் தேய்த்தாலும் அகலாமல் கண்ணாடி அடுப்பின்மீது நிலைத்துவிடும் அந்த வெண்படலம் அழுக்கே அன்று. உப்புநீரில் கரைந்து வந்து, உஷ்ணத்தால் பிரிந்து உறைந்த கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் பிரதான வஸ்துவே அது.

• சோப்புக்கு மசியாத இந்தக் கல் அமிலத்துக்கு மசியும். பிழிந்த எலுமிச்சை மூடியே போதும். ஆறிய கண்ணாடியில் தேய்த்துச் சற்று நேரம் விட்டால், கரியமில வாயு பொடிப்பொடியாக நுரைத்தெழ, படலம் இளகும்.

• பாலும் பாயசமும் பொங்கிக் கருகிய கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, ஈரத்துணியால் சிறிது நேரம் மூடி வைத்துத் துடைப்பதே உசிதம். மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவையில் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5, சோடாவுக்கு 2.5 அளவே. ஆகவே கீறல் விழாது.

• பித்தளைப் பாத்திரம் துலக்கிய ஆற்றுமணல் இங்கே கூடவே கூடாது. அதிலுள்ள குவார்ட்ஸின் அளவு 7.

• சூடு ஆறாத கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால், அது நொறுங்கிவிடவும் கூடும்.