இழப்பும் இழப்பீடும்

செட்டிநாட்டு ஊர்களில் துக்கத்துக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. கேதம் கேட்க உறவினர் வருவர். பதினாறாம் நாள் கருமாதி. ஆண்டு முடிவில் தலைத்திவசம். நகரத்தார் குடும்பங்களில் முன்னோரை நினைந்து நடத்தும் 'படைப்பு' வழக்கமும் உண்டு. முதுமையாலோ நோயாலோ மறைந்த பெற்றோரின் பிள்ளைகளை இந்த ஒழுங்கு பெருமளவு தேற்றுகிறது. குடிபோதையில் வாகனம் ஓட்டிய ஒருவரால் தாயையோ தந்தையையோ இழந்தவர்களுக்கு அது போதுவதில்லை. உறவினர் விடைபெற்றுச் சென்ற பிறகும் காவல் நிலையமும் நீதிமன்றமும் அவர்களை அழைத்துக்கொண்டே இருக்கின்றன.

கேதத்துக்கு வருவோர், 'விதி முடிந்துவிட்டது' என்பர். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இச்சொல் பிள்ளைகளின் மனத்தில் முள்ளாகத் தைக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது ஒருவர் எடுக்கும் முடிவு. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு. 2006-இல் மும்பையில் நடைபாதையில் உறங்கிய 7 பேர் கார் ஏறி இறந்தனர். குடித்துவிட்டு அந்தக் காரை ஓட்டியவரின் செயல் வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடந்தது ஒருவரின் செயல் என்று பிறர் ஒப்புக்கொள்வதே பிள்ளைகளுக்கு முதல் ஆறுதல்.

அடுத்து எழுவது இழப்பீட்டுக் கேள்வி. காரைக்குடியில் பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த என்னிடம், இவ்வாறு தந்தையை இழந்த முன்னாள் மாணவர் ஒருவர், ''அப்பாவின் உயிருக்கு விலை வாங்கச் சொல்கிறீர்களா, ஐயா?'' என்று கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால், கணக்கு வேறு.

தீர்ப்பாயம் கணக்கிடுவது பெரும்பாலும் குடும்பம் இழந்த வருவாயைத்தான். இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, மீதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவர். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 25 வயதுக்காரருக்கு அந்த எண் 18. 65 வயதைக் கடந்தவருக்கு 5. வயதான தந்தையின் மதிப்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. எஞ்சிய சம்பாத்திய ஆண்டுகளின் மதிப்பீடே அது. இல்லத்தரசியாக இருந்த தாயின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிடப்பட வேண்டும் என்று 2021-இல் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. பெற்றோரின் அன்பையும் வழிகாட்டலையும் இழந்ததற்கெனப் பிள்ளைகளுக்குத் தனித்தொகை உண்டு என 2018-இல் கூறியது. அத்தொகை சிறிது, அன்பை அளக்கும் கருவி எந்தச் சந்தையிலும் இல்லை.

ஆகவே, உரிமையை விட்டுவிடக் கூடாது. கைம்பெண்ணான தாயின் மருந்துச் செலவும் தம்பி தங்கையரின் படிப்பும் அந்தத் தொகையைச் சார்ந்தவை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் மனு செய்ய 6 மாத வரம்பு விதித்திருப்பதால், 'முதல் திவசம் முடியட்டும்' என்று காத்திருப்பது ஆபத்து. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையைக் கொடுத்து வழக்கை முடிக்க வருவோரிடமும் எச்சரிக்கை தேவை.

அதேவேளை, தீர்ப்பு வந்தால்தான் மனம் ஆறும் என்று துக்கத்தை வழக்கோடு முடிச்சுப் போடவும் கூடாது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும், மேல்முறையீடும் உண்டு. அதுவரை துயரத்தைத் தள்ளிப்போட முடியாது. இறப்புக்குப் பின் 6 மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கும் கடுந்துயரை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. கேதத்துக்கு வந்தவர்கள் வாய்தாவுக்கும் ஒருமுறை வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே நிற்கும் அந்த நாளில்தான் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு துணை தேவைப்படுகிறது.