அரை மணி நேர நடை போதுமா?

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்பது. “காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன், டாக்டர்” என்று பலர் மனநிறைவோடு கூறுவர். அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டுள்ளோம்: “மீதிப் பொழுதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” இதற்கு உடனே விடை கூறுவோர் குறைவு. அலுவலக நாற்காலி, பேருந்து இருக்கை, தொலைக்காட்சியின் முன் சோபா, இரவில் கைபேசி என எண்ணத் தொடங்கினால் ஒன்பது, பத்து மணி நேரம் எளிதில் சேர்ந்துவிடுகிறது.

நடைப்பயிற்சி செய்வது வேறு. நெடுநேரம் தொடர்ந்து அமராதிருப்பது வேறு. உடலுக்கு இவ்விரண்டும் தேவை.

லண்டன் பேருந்துகள் தந்த பாடம்

லண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர்கள் பணிநேரம் முழுவதும் அமர்ந்திருந்தனர்; நடத்துநர்கள் இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய வண்ணம் இருந்தனர். இதயத் தமனி நோய் ஓட்டுநர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அளவையும் தெளிவாக்கியது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்போர், அதன் தீங்கை ஈடுசெய்ய 60 முதல் 75 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டியுள்ளது. தொலைக்காட்சியின் முன் 5 மணி நேரமும் அதற்கு மேலும் அமர்ந்திருப்போருக்கு அந்த உழைப்பும் முழு ஈடாகவில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு எடுத்துக்கொள்பவை தசைகள். அவை இயங்காதபோது சர்க்கரை நெடுநேரம் உயர்ந்தே நிற்கிறது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி எளிதில் மேலேறுகிறது. அத்தசைகள் ஓய்ந்திருந்தால் பாதம் வீங்கும். அறுவைச் சிகிச்சை முடிந்தோருக்கு இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தும் கூடும். திரையை உற்று நோக்கும்போது இமைத்தல் குறைவதால் கண்கள் உலர்ந்து எரிகின்றன.

மனமும் இதிலிருந்து தப்புவதில்லை. இரவில் திரையின் ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. உறக்கம் குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் வளர்கின்றன. மனச்சோர்வு உள்ளவர் திரையில் அடைக்கலம் தேடுவதும் உண்டு. ஆகவே, எந்நேரமும் கைபேசியுடன் இருப்பவரைக் கடிந்துகொள்ளும் முன், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று பரிவோடு கேளுங்கள்.

உடனிருப்போரின் உடல்நலம்

இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கணவரை இரண்டு மாதங்கள் கவனித்துக்கொண்ட அம்மையார் ஒருவரை நாங்கள் கண்டோம். பகலெல்லாம் படுக்கையருகே நாற்காலி. இரவில் கவலையை மறக்கக் கைபேசி. கணவர் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிய வாரத்தில் அம்மையாரின் சர்க்கரை அளவு மிக உயர்ந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. “இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நகரவே பயந்தேன், டாக்டர்” என்றார். அவர் நலத்தை ஒருமுறையாவது விசாரித்தோமா என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். நோயாளியைப் பேணுபவர் தம்மையும் பேணிக்கொள்வது தன்னலம் ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

• அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு, மூன்று நிமிடங்கள் நடவுங்கள்.

• தொலைபேசியில் பேசும்போது நின்றோ நடந்தோ பேசுங்கள்.

• ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் மெதுவாக நடவுங்கள்.

• திரையைப் பார்க்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 வினாடிகள் நோக்குங்கள்.

• உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மருத்துவமனையில் தங்கியிருப்போர் அழைப்பு மணியை மட்டும் ஒலிக்கவிட்டு, திரையைக் கவிழ்த்து வைக்கலாம்.

• இரண்டு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்பதும், அதனினும் சிறியோருக்கு அறவே வேண்டாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அறுவைச் சிகிச்சை முடிந்தோர், இதய நோயாளிகள், தலைசுற்றல் உள்ளோர் ஆகியோர் எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். எழ இயலாதோர், மருத்துவர் தடை சொல்லாதவரை, படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரெனவீங்கி வலித்தால் தேய்த்துவிடாமல் உடனே தெரிவியுங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரையுங்கள்.

இவ்விதழை எங்கள் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து படிக்கிறீர்கள் எனில், வரவேற்பு மேசையில் உங்கள் டோக்கன் எண்ணைச் சொல்லிவிட்டு, கூடத்தின் மறுமுனை வரை ஒருமுறை நடந்து வாருங்கள். உடன் வந்திருப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள்.